அப்பத்தாவுக்கு அது சரி, உனக்கு இது சரியா?

கேள்வி: எனக்கு வயது 47. மதுரையில் ஒரு வங்கியில் வேலை பார்க்கிறேன். மாமனார் காலமான பிறகு மாமியார் எங்கள் ஃப்ளாட்டுக்கே வந்துவிட்டார். வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்கு நாங்கள் குடிக்கும் டம்ளரிலேயேதான் காபி கொடுத்துக்கொண்டிருந்தேன். மாமியார் வந்த பின் தனி டம்ளர் வந்துவிட்டது. வாஷிங் மெஷின் இருக்கும் பால்கனியில், ஜன்னல் ஓரத்தில் அது கவிழ்ந்திருக்கும். எடுத்து உள்ளே வைத்தால் மறுநாள் பழைய இடத்துக்கே போய்விடுகிறது. "எங்க காலத்து வழக்கம். மாத்திக்கணும்னாலும் உடம்பு கூசுது" என்கிறார். பி.டெக். இரண்டாம் ஆண்டு படிக்கும் என் மகன் விடுமுறைக்கு வந்திருக்கிறான். "அப்பத்தாவுக்கு அது சரி, உனக்கு இது சரி. சரி, தப்பு எல்லாமே அவங்கவங்க ஃபீலிங்தாம்மா. தத்துவத்துல இதெல்லாம் எப்பவோ முடிஞ்சுபோன விஷயம். உன் ஃபீலிங்கை அவங்க மேல ஏன் திணிக்கிற?" என்கிறான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இவனேதான் போன மாதம் எங்கள் குடியிருப்பில் 'வேலையாட்களும் டெலிவரி ஆட்களும் லிஃப்டைப் பயன்படுத்தக் கூடாது' என்று ஒட்டியிருந்த நோட்டீஸைப் படம் எடுத்து, அசோசியேஷன் வாட்ஸ்அப் குழுவில் போட்டுச் சண்டை பிடித்தான். அறம் என்பது உண்மையிலேயே அவரவர் உணர்வு மட்டும்தானா? அப்படியென்றால் நான் பேசாமல் இருந்துவிட வேண்டுமா?
– ஒரு வாசகி, மதுரை

(கல்லூரியில் தத்துவம் கற்பித்து ஓய்வுபெற்ற பேராசிரியர் பதில் அளிக்கிறார்.)

அன்புள்ள சகோதரிக்கு,

பேசாமல் இருக்க வேண்டாம். டம்ளரை மாற்றிவிடுங்கள். தத்துவக்காரர்கள் கூடி ஒரு முடிவுக்கு வரட்டும், பால்கனி டம்ளரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தால், அதற்குள் அந்த அக்கா வேறு வீடு பார்த்துப் போயிருப்பார். அதனால்தான் இதை முதலிலேயே சொல்கிறேன். ஆனால் உங்கள் மகன் கேட்டது நல்ல கேள்வி. 'பெரிய மனுஷன் மாதிரி பேசாதே' என்று அவர் வாயை அடைக்காமல் பதில் தேடுகிறீர்கள், அதற்காக உங்களைப் பாராட்ட வேண்டும்.

முதலில் அந்த 'முடிஞ்சுபோன விஷயம்'. முடியவில்லை. தம்பி பாதிக் கதையைக் கேட்டிருக்கிறார். உலகம் எப்படி இருக்கிறது என்பதை மட்டும் வைத்துக்கொண்டு, நாம் எப்படி நடக்க வேண்டும் என்ற முடிவுக்குத் தாவ முடியாது என்று 18ஆம் நூற்றாண்டிலேயே ஸ்காட்லாந்துக்காரர் டேவிட் ஹியூம் சுட்டிக்காட்டினார். 1936இல் ஏ. ஜே. அயர் என்ற ஆங்கிலேயர், அப்போது அவருக்கு 25 வயது, இன்னும் ஒரு படி மேலே போனார். 'திருடுவது தவறு' என்பது தகவலே இல்லை, 'சீ, திருட்டா!' என்று முகம் சுளிப்பது மாதிரிதான் அது, முகச்சுளிப்பில் உண்மை பொய் என்று எதுவும் கிடையாது என்றார். ஆஸ்திரேலியாவில் பிறந்த ஜே. எல். மேக்கி, உலகத்தில் இல்லாத ஒன்றை இருப்பதாக நினைத்துக்கொண்டுதான் நாம் எல்லோரும் நல்லது கெட்டது பேசுகிறோம் என்று 1977இல் வாதிட்டார். மூவருமே கெட்டிக்காரர்கள். அவர்களுடைய வாதங்களை ஒரு வரியில் தள்ளிவிட முடியாது.

மீதிப் பாதியும் இருக்கிறது. 1945இல் நாஜி வதைமுகாம்களின் படங்களும் செய்திகளும் வெளிவந்தபோது, ஆக்ஸ்ஃபோர்டில் தத்துவம் படித்த ஃபிலிப்பா ஃபுட் என்ற இளம்பெண் ஆடிப்போனார். அந்த முகாம்களை நடத்தியவர்களுக்கு ஒரு மனப்பான்மை, நமக்கு வேறு மனப்பான்மை, அவ்வளவுதான் என்று சொல்லும் தத்துவத்தில் எங்கோ பெரிய பிழை இருக்கிறது என்று அவருக்குத் தோன்றிவிட்டது. அந்தப் பிழை எங்கே என்று தேடுவதிலேயே அவருடைய வாழ்நாள் உழைப்பில் பெரும்பங்கு போனது. 2020இல் பில்பேப்பர்ஸ் என்ற அமைப்பு தத்துவ ஆசிரியர்களிடம் ஒரு கருத்துக்கணிப்பு எடுத்தது. ஏறத்தாழ 62 சதவீதம் பேர் அறத்தில் உண்மை என்று ஒன்று உண்டு என்ற பக்கம் சாய்ந்தார்கள், 26 சதவீதம் பேர் இல்லை என்ற பக்கம். கை தூக்கி உண்மையைத் தீர்மானிக்க முடியாதுதான். ஆனால் 'முடிந்துபோன விஷயம்' என்று இதைச் சொல்ல முடியாது அல்லவா?

இனி உங்கள் வீட்டுக்கு வருவோம். மாமியாருக்குக் காபியில் சர்க்கரை தூக்கலாக வேண்டும், உங்களுக்குச் சர்க்கரையே வேண்டாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதில் யாரும் யாருக்கும் கடிதம் எழுத மாட்டார்கள். 'அவங்களுக்கு அது சரி, உனக்கு இது சரி' என்பது இந்த இடத்தில் நூற்றுக்கு நூறு பொருந்தும். சாமி கும்பிடும் முறை, விசேஷத்துக்கு என்ன சேலை, வாழை இலையில் எதை எங்கே வைப்பது என்று நம் வீடுகளில் பாதிச் சண்டை இந்த ரகம்தான். அவற்றிலெல்லாம் உங்கள் மகன் கட்சிதான் நானும். ரசனையையும் ஊர்ப் பழக்கத்தையும் அறம் என்று சொல்லிச் சின்னவர்கள் தலையில் கட்டும் பெரியவர்களைப் பார்த்துச் சலித்துத்தான் இந்தத் தலைமுறை 'எல்லாமே ஃபீலிங்' என்ற இடத்துக்கு வந்திருக்கிறது. அந்தச் சலிப்பில் நியாயம் இருக்கிறது.

ஆனால் லிஃப்ட் நோட்டீஸ் விஷயத்தில் அவர் என்ன செய்தார்? குழுவில் என்ன எழுதினார் என்று நீங்கள் சொல்லவில்லை. 'எனக்கு இந்த நோட்டீஸ் பிடிக்கவில்லை' என்று மட்டும் எழுதியிருந்தால் சண்டை வந்திருக்காது. ஏதோ காரணம் சொல்லியிருப்பார். சுமையோடு வருகிறவர்தான் மாடிப்படி ஏற வேண்டுமா என்று கேட்டிருப்பார். அதற்கு அசோசியேஷன் செயலாளர், 'தம்பி, உனக்கு அது சரி, எங்களுக்கு இது சரி' என்று பதில் போட்டிருந்தால் உங்கள் மகன் சமாதானம் ஆகியிருப்பாரா?

இதை வைத்து அவரை மடக்கப் பார்க்காதீர்கள். மடக்கினால் லிஃப்ட் விஷயத்தில் தான் பேசியதும் வெறும் ஃபீலிங்தான் என்று சொல்லித் தப்பித்துவிடுவார், இருபது வயதில் நானும் அதைத்தான் செய்திருப்பேன். எனக்குத் தோன்றுவது வேறு. செயலாளர் அவருக்கு யாரோ. அப்பத்தா அப்படியில்லை. மடியில் போட்டு வளர்த்த அப்பத்தா தவறு செய்கிறார் என்று சொல்ல வாய் வரவில்லை, அதனால் தவறு என்று ஒன்றே இல்லை என்று சொல்லிப் பார்க்கிறார். பாசம் கொஞ்சம் தத்துவ வேஷம் கட்டி வந்திருக்கிறது. அப்பத்தா நல்லவர், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் தவறு செய்கிறார் என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லலாம் என்பது அந்த வயதில் சட்டென்று புரியாது.

சரி, உணர்வுக்கு அறத்தில் இடமே இல்லையா? நிறையவே இருக்கிறது. குழந்தைக்குக் காய்ச்சல் என்று உங்களுக்கு முதலில் சொல்வது நெற்றியில் வைத்த கைதான். ஆனால் கை சொன்னதோடு நீங்கள் நிறுத்துவதில்லை, தெர்மாமீட்டர் வைத்துப் பார்க்கிறீர்கள். கை சில நாள் ஏமாற்றும். உணர்வும் அப்படித்தான், எச்சரிக்கும், ஏமாற்றவும் செய்யும்.

எவ்வளவு தூரம் ஏமாற்றும் என்பதற்கு இரண்டு ஆய்வுகளைச் சொல்கிறேன். எலியட் டூரியல் என்ற அமெரிக்க உளவியலாளர் தொடங்கி வைத்த ஆய்வுகளில், மூன்று நான்கு வயதுக் குழந்தைகளே விதியையும் தவறையும் பிரித்துப் பார்ப்பது தெரியவந்தது. டீச்சர் அனுமதித்தால் பள்ளிக்கு எந்த உடையில் வேண்டுமானாலும் வரலாமா என்று கேட்டால் வரலாம் என்கிறார்கள். டீச்சர் அனுமதித்தால் பக்கத்துப் பையனை அடிக்கலாமா என்றால் அப்போதும் கூடாது என்கிறார்கள். கேட்கவே நன்றாக இருக்கிறது. ஆனால் 1987இல் ரிச்சர்ட் ஷ்வீடரும் உடன் ஆய்வு செய்தவர்களும் வெளியிட்ட ஒடிசா ஆய்வையும் பக்கத்தில் வைக்க வேண்டும். தந்தை இறந்த மறுநாள் மூத்த மகன் முடி வெட்டிக்கொண்டு கோழிக்கறி சாப்பிட்டால் அது எவ்வளவு பெரிய தவறு என்று புவனேஸ்வரில் கேட்டார்கள். மிகப் பெரிய தவறுகளில் ஒன்று என்று அங்கே பதில் வந்தது. சிகாகோவில் கேட்டபோது இதில் என்ன தவறு என்றே அவர்களுக்குப் புரியவில்லை. ஆக, 'இது ஊர் வழக்கம் மட்டுமில்லை, எங்கேயும் எப்போதும் தவறு' என்ற அழுத்தமான உணர்வு எதன் மேலும் போய் ஒட்டிக்கொள்ளும். தீட்டின் மேலும் ஒட்டும்.

அதனால் மாமியார் 'உடம்பு கூசுது' என்று சொல்வதை நடிப்பு என்று நினைக்காதீர்கள். நிஜமாகவே கூசும். சின்ன வயதில் பழக்கியதை எழுபது வயதில் உடம்பு அவ்வளவு லேசில் விட்டுவிடாது. ஆனால் கூசுகிறது என்பது அவரைப் பற்றிய செய்தி, அந்த அக்காவைப் பற்றி அதில் ஒன்றுமே இல்லை. இப்போது தெர்மாமீட்டரை வைத்துப் பார்க்கலாம். எதற்காகத் தனி டம்ளர்? சுத்தம் என்பார். அந்த டம்ளரைக் கழுவுவது யார்? உங்கள் டம்ளரையும், மாமியாரின் தட்டையும், சாமிக்கு நைவேத்தியம் வைக்கும் கிண்ணத்தையும் தேய்ப்பது யார்? அதே அக்காவின் அதே கை. கீரை ஆய்ந்து, வெங்காயம் உரித்துக் கொடுப்பதும் அந்தக் கையாகவே இருக்கும். கைக்கு இல்லாத தீட்டு வாய்க்கு எப்படி வந்தது? சுத்தம் என்ற காரணம் இந்த ஒரு கேள்வியைக்கூடத் தாங்கவில்லை. அதை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது 'அவர் இன்ன சாதி' என்பது மட்டும்தான். அந்த மிச்சத்தை வாய்விட்டுச் சொல்ல உங்கள் மாமியாருக்கே தயக்கமாக இருக்கும் என்று நினைக்கிறேன். அதனால்தான் வழக்கம், உடம்பு என்று சுற்றிப் போகிறார்.

பார்த்தீர்களா, இதில் என் உணர்வையோ உங்கள் உணர்வையோ சாட்சிக்குக் கூப்பிடவே இல்லை. அவர் சொன்ன காரணத்தை எடுத்தோம், அது நிற்கிறதா என்று பார்த்தோம். வெறும் உணர்வு என்றால் இப்படிச் சோதித்துப் பார்க்க வழியே இருக்காது. சர்க்கரை பிடிக்கும் என்பதற்குக் காரணம் கேட்டு யாரும் தோற்கடிக்க முடியாது.

இன்னொன்றும் எனக்கு உறுத்தியது. உங்கள் கடிதத்தில் மாமியாரின் உணர்வு இருக்கிறது, உங்கள் உணர்வு இருக்கிறது, மகனின் தத்துவம் இருக்கிறது. அந்த டம்ளரில் குடிக்கிறவர் பற்றி, அவர் வீட்டு வேலைக்கு வருகிறார் என்பதைத் தாண்டி ஒரு வரி இல்லை. 'அவங்கவங்க ஃபீலிங்' என்று பேசுகிற கணக்கிலேயே ஒருவருடைய ஃபீலிங் விட்டுப்போயிருக்கிறது. இது தற்செயல் இல்லை. 'அது அவங்க வழக்கம்' என்று யாராவது சொல்லும்போதெல்லாம், அந்த 'அவங்க'வில் யார் யார் சேர்த்தி என்று கேளுங்கள். பெரும்பாலும் வழக்கத்தால் வசதி பெறுகிறவர்கள்தான் இருப்பார்கள். அதைத் தாங்குகிறவர்களிடம் ஒப்புதல் கேட்டிருக்க மாட்டார்கள்.

உங்கள் ஊரிலேயே நடந்ததைப் பாருங்கள். 1939 ஜூலை 8ஆம் தேதி. அதுவரை மீனாட்சி அம்மன் கோவிலுக்குள் நாடார்களுக்கும் தாழ்த்தப்பட்டவர்களுக்கும் அனுமதி கிடையாது. அன்று காலை காங்கிரஸ் தலைவர் அ. வைத்தியநாத ஐயர் அவர்களில் சிலரை உள்ளே அழைத்துப் போனார். பின்னாளில் அமைச்சரான கக்கன் அவர்களில் ஒருவர். ஊரே இரண்டுபட்டது. பட்டர்களில் சிலர் பூசை செய்ய மறுத்தார்கள். அம்மன் கோவிலை விட்டே போய்விட்டாள் என்று நம்பியவர்களும் உண்டு. அவர்கள் மனம் பட்ட பாடு பொய்யில்லை. ராஜாஜி அமைச்சரவை அவசரச் சட்டம் கொண்டுவந்து, உள்ளே அழைத்துப் போனவர்களுக்குப் பாதுகாப்புக் கொடுத்தது.

ஊர் வழக்கம்தான் அறம் என்றால் ஜூலை 7ஆம் தேதி மதுரையில் ஒரு தவறும் நடக்கவில்லை. கோபுரத்துக்கு வெளியே நின்று கும்பிட்டுவிட்டுப் போனவர்களுக்கு எந்த அநியாயமும் இல்லை. குற்றவாளி என்று ஒருவர் இருந்தால் அது வைத்தியநாத ஐயர்தான். அவரவர் உணர்வுதான் அறம் என்றாலோ, பட்டர்களுக்கு அது சரி, ஐயருக்கு இது சரி, யார் பக்கம் ஆள் அதிகமோ அவர்கள் ஜெயித்தார்கள் என்பதோடு கதை முடிந்துவிடும். 'நிலைமை மாறியது' என்று சொல்லலாம், 'திருந்தியது' என்று சொல்ல வாய்ப்பே கிடையாது. உங்கள் மகனிடம் இந்த ஒன்றை மட்டும் கேளுங்கள். மீனாட்சி கோவிலில் நடந்தது மாற்றமா, திருத்தமா? திருத்தம் என்று அவர் சொன்னால் பாதி தூரம் வந்துவிட்டார். வெளியே நின்றவர்களும் மதுரைக்காரர்கள்தானே, ஊர் வழக்கம் என்றபோது அவர்களை ஏன் எண்ணவில்லை என்று அவரே அடுத்துக் கேட்பார்.

அப்படியானால் அறம் மலை மாதிரி, ஆறு மாதிரி எங்கோ கிடக்கிறதா? என் அபிப்பிராயம், இல்லை. நோகும் உயிர் ஒன்றுகூட உலகத்தில் இல்லாமல் போனால் கொடுமை என்ற ஒன்றும் இருக்காது. ஆனால் அதனால் அது அவரவர் இஷ்டம் ஆகிவிடாது. வலிப்பவர் இல்லாமல் வலி இல்லைதான். அதற்காக ஒருவருக்கு வலிக்கிறதா இல்லையா என்பதைப் பக்கத்து வீட்டுக்காரர் தீர்மானிக்க முடியுமா? மேக்கியின் ஆட்கள் இந்த விளக்கம் போதாது என்பார்கள். வலிக்கிறது என்பதிலிருந்து, வலிக்கச் செய்யக் கூடாது என்பதற்கு எப்படித் தாண்டினாய் என்று ஹியூமைக் கையோடு அழைத்து வருவார்கள். நியாயமான கேள்விதான். உங்கள் மகனுக்கு ஆர்வம் இருந்தால் அந்தச் சண்டையில் பல வருடம் சந்தோஷமாகக் கழிக்கலாம்.

ஒன்று மட்டும் அவருக்குச் சொல்லுங்கள். அறம் வெறும் உணர்வுதான் என்று வைத்துக்கொண்டாலும் 'அதனால் நீ பேசாதே' என்ற முடிவு அதிலிருந்து வராது. யாரும் யார் மேலும் எதையும் திணிக்கக் கூடாது என்பதும் ஓர் அறக் கட்டளைதான். எல்லாமே ஃபீலிங் என்றால் அதுவும் ஃபீலிங்தான். 'சீ, திருட்டா' என்ற அயரையே எடுத்துக்கொள்ளுங்கள். அவர் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. ஓரினச்சேர்க்கையைக் குற்றமாக்கிய இங்கிலாந்துச் சட்டத்தை மாற்றப் பாடுபட்ட சங்கத்துக்குத் தலைவராக இருந்தார். 1967இல் அந்தச் சட்டம் மாறியது.

இனி செய்ய வேண்டியது. அந்த அக்காவிடம் போய் 'உங்களுக்கு இது வருத்தமா?' என்று கேட்காதீர்கள். 'அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா' என்பார். மாதச் சம்பளம் உங்கள் கையில் இருக்கும்போது அவர் வேறு என்ன சொல்வார்? அந்தப் பதிலை எடுத்துக்கொண்டு போய் மாமியாரும் மகனும் 'பார், அவளே சொல்லிட்டா' என்பார்கள். உங்கள் குடும்ப விவாதத்துக்கு அவரைச் சாட்சி ஆக்க வேண்டாம். பால்கனி டம்ளரைப் பழைய பாத்திரத்தோடு போட்டுவிட்டு, நாளையிலிருந்து வீட்டு டம்ளரில் கொடுங்கள். நின்றுகொண்டு குடிக்கிறார் என்றால் நாற்காலியைக் காட்டுங்கள். இதை ஒரு விழாவாக்க வேண்டாம், 'பாருங்கள், நாங்கள் வித்தியாசம் பார்ப்பதில்லை' என்ற பேச்சும் வேண்டாம். அந்தப் பேச்சே ஒரு வித்தியாசம் பார்ப்பதுதான்.

மாமியாரிடம் ஹியூம் வேண்டாம், மீனாட்சி கோவிலும் வேண்டாம். கூச்சம் அவருடையது, ஆகவே தனி டம்ளரும் அவருக்கே இருக்கட்டும். பெயர் பொறித்த நல்ல எவர்சில்வர் டம்ளர் ஒன்று வாங்கி, 'அத்தை, இது உங்களுக்கு மட்டும், வேற யாரும் எடுக்க மாட்டாங்க' என்று கொடுங்கள். கேலியாக அல்ல, மரியாதையாகவே. அவர் உடம்பு கூசுவதற்கு என்ன விலையோ அதை அவரே கொடுப்பதில் யாருக்கும் அவமானம் இல்லை. இத்தனை நாள் அந்த விலையை வேறொருவர் கொடுத்துக்கொண்டிருந்தார். மாமனார் போன பிறகு கல்யாண வீடுகளில் ஆரத்தி எடுக்கும்போது மாமியாரை யாராவது ஒதுங்கி நிற்கச் சொன்னார்களா என்று எனக்குத் தெரியாது. சொல்லியிருந்தால், வழக்கம் என்ற பெயரில் ஒதுக்குவது எப்படி இருக்கும் என்று உங்களைவிட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். அதைக் குத்திக்காட்டுவதற்காக எடுக்காதீர்கள். அவரே என்றைக்காவது அந்தப் பேச்சை எடுத்தால் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.

ஒரு வாரம் முகத்தைத் திருப்பிக்கொள்வார். சாப்பாட்டு நேரத்துக்கு வழக்கம்போல் கூப்பிடுங்கள். மகனை, விடுமுறை முடியும் வரை காலைக் காபியை அவரே கலந்து எல்லோருக்கும் கொடுக்கச் சொல்லுங்கள். அக்காவுக்கும் சேர்த்துத்தான். கையில் டம்ளரோடு நிற்கும்போது எது சரி என்று அவர் உங்களுக்கு விளக்கட்டும்.

கடைசியாக ஒன்று. இவ்வளவு பெரிய கடிதத்தில் உங்கள் கணவரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இது அவருடைய அம்மா. அந்த முதல் பேச்சை அவர் பேசட்டும்.